அக்கரைக்குப் போன வண்டிகள்: பழைய ஜீப் தேடும் தம்பிமாருக்காக ஒரு வரலாறு



கொஞ்சக் காலமாக நம் ஊர்த் தம்பிமாரிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "கேம்பிங் போகவும், கொஞ்சம் காட்டுப் பாதையில் ஓடவும், கைக்கு அடக்கமான விலையில் பழைய ஜீப் ஒன்று எடுக்கலாமா? எது நல்லது?" உன்னிச்சைக் குளக்கட்டு, குடும்பிமலை அடிவாரம், வாகரைக் கடற்கரை என்று அவர்கள் மனதில் ஒரு பட்டியலும் இருக்கிறது.

யூடியூப் வீடியோக்கள் அவுஸ்திரேலியப் பாலைவனத்தைப் பற்றிச் சொல்லும். நம் வாவியின் உப்புக் காற்றும், படுவான்கரைக் களிமண்ணும், நம் கராஜ்களின் கைப்பழக்கமும் அவற்றில் வராது. அதற்கு நம்மிடமே ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவுதான். முற்பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை ஆறுதலாக வாசித்துவிடுங்கள்.

*பாலங்களுக்கு முன்*

நம் வாவி வடக்குத் தெற்காகச் சுமார் 56 கிலோமீற்றர் நீளம். கடல் பக்கம் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. வீடும் கடையும் இக்கரையில், வயலும் மாடும் அக்கரையில் என்றுதான் நம்மில் பல குடும்பங்கள் வாழ்ந்தன. நெல் விளைந்தது அக்கரை வட்டைகளில். புடவையும் பாத்திரமும் மண்ணெண்ணெயும் போனது இக்கரைக் கடைகளிலிருந்து.

இரண்டையும் இணைத்தது மாட்டு வண்டியும் தோணியும் 'பாதை'யும். இன்றைய பிள்ளைகளுக்குப் பாதை என்றால் ரோடு. நம் மூத்தாப்பாமாருக்குப் பாதை என்றால் மண்முனைத்துறையிலும் அம்பிளாந்துறையிலும் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைப் படகு. அக்கரையில் இறங்கிய பிறகு கோடையில் புழுதி, மாரியில் சக்கரத்தை விழுங்கும் சேறு. நம் மண்ணுக்கேற்ற முதல் வண்டி அந்த மாட்டு வண்டிதான். உயரமான சக்கரம், பாரம் குறைந்த உடம்பு, உடைந்தால் ஊர்த் தச்சனே திருத்திவிடுவான். இந்த மூன்று குணங்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இவை திரும்பத் திரும்ப வரும்.

*யுத்தம் பெற்ற பிள்ளை*

ஜீப் யுத்தத்துக்காகப் பிறந்த வண்டி. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்ட் என்ற இரண்டு அமெரிக்கக் கம்பனிகளும் சேர்ந்து 6 இலட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. அந்த யுத்தம் நம் கடலுக்கும் வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதே நாளில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மஸ் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. இன்றும் அது அங்கேதான் கிடக்கிறது.

யுத்தம் முடிந்ததும் ஆசியா எங்கும் இராணுவ ஜீப்புகள் மிஞ்சின. பிலிப்பைன்ஸ் மக்கள் அவற்றை நீட்டி, கூரை போட்டு, 'ஜீப்னி' என்ற பயணிகள் வண்டியாக்கிக் கொண்டார்கள். இந்தியாவில் 1947இல் மஹிந்திரா கம்பனி வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. 1945இல் அந்தக் கம்பனி தொடங்கியபோது அதன் பெயர் 'மஹிந்திரா அன்ட் முஹம்மத்'. பங்காளியான மலிக் குலாம் முஹம்மத் பிரிவினையோடு பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். பின்னர் ஆளுநர் நாயகமும் ஆனார். 1948இல் கம்பனியின் பெயர் 'மஹிந்திரா அன்ட் மஹிந்திரா' என்று மாறியது. ஒரு தேசத்தின் பிரிவினை ஒரு ஜீப் கம்பனியின் பெயர்ப் பலகையிலும் எழுதப்பட்டிருக்கிறது.

இங்கிலாந்தில் ரோவர் கம்பனியின் தலைமைப் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ். அவர் தன் பண்ணை வேலைக்கு வைத்திருந்தது யுத்தத்தில் மிஞ்சிய ஒரு பழைய வில்லிஸ் ஜீப். அது தேய்ந்து போனால் மாற்றாக வாங்க வேறு வண்டி இல்லை என்ற யோசனையிலிருந்துதான் லேண்ட் ரோவர் பிறந்தது. 1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது. உலகப் புகழ் பெற்ற அந்த வண்டிக்கே மூலம் ஒரு 'செக்கன்ட் ஹேண்ட்' ஜீப்தான். பழைய வண்டி தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தம்பிமாரே.

யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. அதனால் லேண்ட் ரோவரின் உடம்பு அலுமினியக் கலவையில் வந்தது. உப்புக் காற்றில் வாழும் நமக்கு இது ஒரு வரப்பிரசாதம் போலத் தெரியும். பாதிதான் உண்மை. உடம்பு துருப்பிடிக்காது, ஆனால் அதைத் தாங்கும் செஸி இரும்பு. அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் உப்பு நீர் பட்டால் அலுமினியமும் வேகமாக அரிக்கும். பளபளவென்று பெயின்ட் அடித்த லேண்ட் ரோவரின் அடியில் உளுத்துப் போன செஸி இருப்பது அது இரும்பு என்பதால்தான்.

*கல்லோயாவும் உழவு இயந்திரமும்*

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் அமெரிக்கக் கம்பனியொன்று அணை கட்டியது. அப்போது அந்தப் பிரதேசம் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். காடு வெட்டவும் வாய்க்கால் அளக்கவும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் முடியாது என்ற காலம் அது. நீர்ப்பாசனம், நில அளவை, வனம் என்று அரச திணைக்களங்களிலும் மலைநாட்டுத் தோட்டங்களிலும் லேண்ட் ரோவர் நிலைத்தது. பொதுமக்கள் கைக்கு அது வந்தது பெரும்பாலும் தேய்ந்த பிறகுதான்.

நம் விவசாயிகளிடம் உண்மையில் வந்து சேர்ந்த காட்டு வண்டி உழவு இயந்திரம். மெசி பேர்குசன் 35 இன்னும் நம் வட்டைகளில் உழுகிறது. இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை நாம் எந்தக் கம்பனி செய்தாலும் 'லேண்ட்மாஸ்டர்' என்றே சொல்கிறோம். அது ஒரு பிரித்தானியக் கம்பனியின் பெயர். கம்பனி மறந்துபோய்ப் பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. பெருநாளைக்கு மறுநாள் பெட்டியில் பாய் விரித்து, சட்டி பானை ஏற்றி, உம்மா, மூத்தம்மா, பிள்ளைகள் எல்லோரும் கடற்கரைக்கோ குளக்கட்டுக்கோ போவோமே, அதற்கு அன்று யாரும் 'கேம்பிங்' என்று பெயர் வைக்கவில்லை.

*கிடைக்காத காலம் கற்றுக் கொடுத்தது*

1960களில் நாட்டில் அந்நியச் செலாவணி வறண்டது. வாகன இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை, இருக்கும் வண்டியை ஓட வைப்பதுதான் ஒரே வழி. நம் கராஜ் கலாசாரம் அந்தத் தட்டுப்பாட்டில்தான் முதிர்ந்தது. உடைந்ததை வீசாமல் ஒட்டுவது, கிடைக்காத பாகத்தைக் கடைசலில் பிடித்துச் செய்வது, ஒரு வண்டியின் எஞ்சினை இன்னொன்றில் உட்கார வைப்பது எல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பாடங்கள்.

1977க்குப் பிறகு ஜப்பான் வண்டிகள் வந்தன. அவற்றின் வேரும் யுத்தத்தில்தான். 1950இல் கொரிய யுத்தம் தொடங்கியபோது பக்கத்து நாடான ஜப்பானில் இராணுவ வாகனத் தேவை பெருகியது. டொயோட்டா 1951இல் செய்த ஜீப்தான் பிற்கால லேண்ட் குரூசரின் மூதாதை. மிட்சுபிஷி 1953இல் வில்லிஸ் உரிமத்தோடு ஜீப் செய்யத் தொடங்கி 1998 வரை நிறுத்தவில்லை. நம் கராஜ்களில் 'போர் டீ ஆர் பைவ்' என்று செல்லமாகச் சொல்லும் ஜீப் அந்தக் குடும்பம்தான். உண்மையில் அது டீசல் எஞ்சினின் பெயர். எஞ்சினின் பெயரே வண்டியின் பெயராகிவிட்ட அளவுக்கு நம் மெக்கானிக்மார் அதை நேசித்தார்கள். பழைய லேண்ட் ரோவர்களின் பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் பூட்டுவதும் நாடெங்கும் வழக்கமானது.

சுஸுகி 1970இல் வெறும் 359 சீசீ எஞ்சினோடு ஜிம்னியைக் கொண்டு வந்தது. 1981இல் வந்த எஸ்.ஜே. 410க்கு 970 சீசீ. பெரிய ஜீப்புகளுக்கு முன்னால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் மணலில் பெரிய வண்டி தன் பாரத்தாலேயே புதையும் இடத்தில் இது மேலால் போய்விடும். மாட்டு வண்டியின் குணம் இதில் இருக்கிறது: உயரம் உண்டு, பாரம் இல்லை.

*ஜீப் சத்தத்துக்குப் பயந்த காலம்*

இதைச் சொல்லாமல் தாண்டினால் வரலாறு பொய்யாகும். யுத்த காலத்தில் இரவில் ஜீப் சத்தம் கேட்டால் இரு கரையிலும் விளக்கு அணைந்தது. 1990 ஒகஸ்ட் மாதத்தில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்ததை நாம் திரும்ப எழுதத் தேவையில்லை. உறுகாமம் போன்ற கிராமங்களிலிருந்து நம்மவர்கள் இடம்பெயர்ந்தார்கள். அக்கரை வயல்கள் பலருக்குக் கையில் உறுதிப்பத்திரமாகவும் கண்ணுக்கு எட்டாத நிலமாகவும் ஆயின. அதேபோல 1987இலும் 1991இலும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டதையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அக்கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தக் கணக்கு இருக்கிறது.

2007இல் கிழக்கில் யுத்தம் ஓய்ந்தது. 2014இல் மண்முனைத்துறையில் பாலம் திறக்கப்பட்டது. மூத்தாப்பாமார் பாதைக்காகக் காத்து நின்ற துறையை இன்று ஓரிரு நிமிடத்தில் கடக்கிறோம். ஒரு தலைமுறைக்கு மூடியிருந்த கரை திறந்திருக்கிறது. அதற்குள் எந்த வண்டியில் போகிறோம், எப்படிப் போகிறோம் என்பது சின்ன விஷயம் அல்ல.

*இன்றைய சந்தை ஏன் இப்படி?*

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஏறக்குறைய ஐந்து வருடம். புதிய வண்டி வராததால் பழைய வண்டியின் விலை ஏறியது. கதவு திறந்த பின்னும் வரி கூடுதல். அதோடு இறக்குமதிக்கு வயதெல்லை இருப்பதால் பழைய ஜீப்புகளைப் புதிதாக இறக்க முடியாது. நாட்டுக்குள் இருப்பதுதான் இருப்பு. வருடா வருடம் அது குறையும். துருப்பிடித்த ஜீப்புக்கும் தங்க விலை சொல்வது இதனால்தான்.

இன்னொரு பாடம் 2022. கியூஆர் முறை தொடங்கியபோது காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் ஜீப்புக்கு 20 லீற்றர் என்றால் 160 கிலோமீற்றர். ஒரு நெடும் பயணத்தோடு அந்த வாரம் முடிந்தது. அன்று நம் வீட்டு வாசலில் ஓடியது சைக்கிள்தான்.

*ஆகவே, எதை எடுப்பது?*

வரலாறு சொல்வதை வரிசையாகச் சொல்கிறோம்.

ஒன்று: முதலில் உங்களுக்கு ஜீப் வேண்டுமா என்று கேளுங்கள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை மண் காய்ந்திருக்கும். நீங்கள் சொல்லும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு, அடி கொஞ்சம் உயர்ந்த சாதாரண வேனோ, டபள் கெப்போ, மோட்டார் சைக்கிளோ போதும். மாரியில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி மாதிரி வெள்ளம் மூடிய இடத்தில் எந்த ஜீப்பும் உதவாது. அங்கே மக்கள் படகில்தான் கடக்கிறார்கள். வருடத்தில் நாலு தரம் போவதற்குக் குடும்பத்துக்கு ஒரு வேன் எடுத்துக் கூடாரத்தையும் அதில் ஏற்றுவது கெட்டிக்காரத்தனம்.

இரண்டு: ஜீப்தான் வேண்டும் என்றால் பாரம் குறைந்ததைப் பாருங்கள். இருவர் மூவர் போவதற்கு சுஸுகி ஜிம்னி வகை. மணலுக்கும் நம் பெற்றோல் செலவுக்கும் அதுவே பொருந்தும். குடும்பத்தோடு, சாமானோடு என்றால் மிட்சுபிஷி டீசல் ஜீப். சத்தமும் குலுக்கலும் இருக்கும், ஏசி எதிர்பார்க்காதீர்கள். ஆனால் வழியில் நின்றால் எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். பஜேரோ மாதிரி பெரிய வண்டிகள் இருக்கைக்குச் சுகம். வாங்கும் விலையை விட வைத்திருக்கும் செலவுதான் அங்கே ஆளை விழுத்தும். லேண்ட் ரோவர் மீது காதல் இருந்தால், செஸியைப் பார்த்த பிறகு காதலியுங்கள்.

மூன்று: பார்க்கப் போகும்போது பெயின்டைப் பார்க்காமல் கீழே படுத்துப் பாருங்கள். சின்னச் சுத்தியலால் செஸியைத் தட்டுங்கள். கணீர் என்றால் இரும்பு, பொத்தென்றால் துரு. புதிதாகத் தார் பூசிய அடிப்பாகம் சந்தேகத்துக்குரியது. கரையோரத்தில் ஓடிய வண்டியா, மேட்டு நிலத்தில் ஓடியதா என்று விசாரியுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை ஓயில் எரிவது. ஓயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டிபரன்ஷல் ஓயிலும் அப்படியே இருந்தால் அந்த வண்டி ஆழ்ந்த தண்ணீரில் இறங்கியிருக்கிறது.

நான்கு: நான்கு சக்கர இழுவையை மணலிலோ புல்லிலோ போட்டுப் பாருங்கள், தார் வீதியில் போடாதீர்கள். பழைய ஜீப்புகளில் முன்சக்கரமும் பின்சக்கரமும் அப்போது ஒரே வேகத்தில் பூட்டப்படும். வளைவில் இரண்டும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். மணலில் டயர் வழுக்கி அதைச் சரிசெய்யும். தாரில் வழுக்க இடமில்லாமல் கியர் நெரிபடும். லோ கியரையும் போட்டு ஓடிப் பாருங்கள். பல வண்டிகளில் அந்தக் கம்பி அலங்காரத்துக்குத்தான் இருக்கிறது.

ஐந்து: புத்தகத்தில் உள்ள செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப் போக வேண்டும். எஞ்சின் மாற்றிய வண்டிகள் நம் நாட்டில் அதிகம். மாற்றம் புத்தகத்தில் பதியப்படாவிட்டால் பிறகு அலைச்சல் உங்களுக்கு. பலர் கை மாறியும் முதல் ஆளின் பெயரிலேயே கிடக்கும் புத்தகத்தை வாங்காதீர்கள்.

ஆறு: கைக்காசில் வாங்க முடியாத பொழுதுபோக்குக்கு லீசிங் போடாதீர்கள். வட்டியின் ஹராம் ஹலால் ஒரு பக்கம். பழைய வண்டி மாதத்துக்கு ஒரு செலவு கேட்கும், தவணை மாதத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டும். இரண்டையும் தாங்கும் சம்பளம் நம் தம்பிமாரில் எத்தனை பேருக்கு உண்டு? நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி எடுத்து, கணக்கை எழுதி வைத்து ஓடுவது நல்ல வழி. விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: குறையை மறைத்து விற்ற பணத்தில் பரக்கத் இல்லை.

*போகும் விதம்*

வண்டி எடுத்த பிறகும் பேச்சு முடியவில்லை. மணலில் இறங்கும்போது டயர் காற்றை 30இலிருந்து 18 வரை குறையுங்கள். தாருக்கு ஏறியதும் நிரப்புங்கள். தனி வண்டியாகப் போகாதீர்கள். கயிறும் மண்வெட்டியும் இல்லாமல் போகாதீர்கள். பொழுது சாய்ந்தால் அது யானையின் நேரம், படுவான்கரையில் வீதியை விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

வரப்பில் சக்கரம் ஏறினால் ஒரு விவசாயியின் போகம் நாசம். வாவியோரச் சேறு வெறும் சேறு அல்ல, கண்டல் வேரும் இறால் குஞ்சும் வாழும் இடம். மீனவரின் வலை காயும் இடமும் அதுதான். காட்டுக்குள் வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வயல் வாடியில் தங்குவதென்றால் உரியவரிடம் கேட்டுவிட்டுத் தங்குங்கள். கேட்டால் தேத்தண்ணியும் தருவார்கள். பாட்டுச் சத்தத்தோடும் பிளாஸ்டிக் குப்பையோடும் போனால், அடுத்த முறை நம் தொப்பியைக் கண்டதும் படலை மூடப்படும். கெடுவது ஒரு குழுவின் பெயர் அல்ல, ஊரின் பெயர்.

நம் மூத்தாப்பாமார் அக்கரைக்கு உழைக்கப் போனார்கள். புடவைக் கட்டோடு போய் நெல்லோடு திரும்பினார்கள். அவர்களுக்கு அங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு திண்ணை இருந்தது. அந்தத் திண்ணை எந்த ஜீப்பையும் விடப் பெறுமதியானது. பெரிய எஞ்சினால் அதை வாங்க முடியாது. திருத்தக்கூடிய ஒரு சின்ன வண்டி, கேட்டுப் போகும் பழக்கம், சலாமும் வணக்கமும் சொல்லும் வாய், இவை இருந்தால் போதும்.

யாராவது இப்போது வண்டி பார்த்துக்கொண்டிருந்தால், ஊரில் நம்பிக்கையான ஒரு கராஜ் பாஸைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒருநாள் கூலி இலட்சங்களைக் காப்பாற்றும். அக்கரை வட்டைப் பாதைகளைப் பற்றி, பாதைப் படகைப் பற்றி, பழைய ஜீப்புகளைப் பற்றி உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே சேர்த்து வைப்போம்.

அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானதாக்குவானாக.